பிரமையும் பன்மையும்

ஒருவர் தன் உடம்பு கண்ணாடியால் ஆனது என்று நம்புகிறார். இன்னொருவர் தன் மூளைக்குள் யாரோ காற்றை நெய்து அனுப்புவதாகச் சொல்கிறார். மூன்றாமவர் தானே கிறிஸ்து என்கிறார். மூவரையும் பிரமை என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டு நாம் மேலே போய்விடுகிறோம். அடுத்த தெருக் கோயிலில் சாமியாடி வந்து வாக்குச் சொல்லும்போது அந்தச் சொல்லை எடுப்பதில்லை. நம்பிக்கைக்கும் பிரமைக்கும் நடுவே உள்ள கோட்டை யார் கிழிக்கிறார்கள், எதைக் கொண்டு கிழிக்கிறார்கள் என்பது மருத்துவர்களுக்கு மட்டும் உரிய கேள்வி என்று எனக்குத் தோன்றவில்லை. கோட்டின் இந்தப் பக்கம் நிற்கிறோம் என்ற நிச்சயத்தில் நாம் செய்கிற காரியங்களும் அதில் அடங்கியிருக்கின்றன.

பைத்தியத்தைப் பற்றி நம் வட்டத்தில் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று பகுத்தறிவாளரின் குரல். மூடநம்பிக்கை ஒழிந்தால் பேய் ஒழியும், பேய் ஒழிந்தால் பேய் பிடித்தவளும் இருக்கமாட்டாள் என்பது அதன் சாரம். மற்றது லெய்ங்கையும் ஃபூக்கோவையும், அல்லது அவர்களைப் பற்றிய கட்டுரைகளை, படித்தவர்களின் குரல். பைத்தியம் என்று ஒன்று கிடையாது, சமூகம் தனக்கு ஒவ்வாத பார்வைக்கு அப்படிப் பெயர் சூட்டி அடைத்துவைக்கிறது என்பார்கள். கடவுளுக்கே பித்தன் என்று பெயர் வைத்த மொழியில் இந்த இரண்டாம் குரலுக்குக் கவர்ச்சி அதிகம். கவிஞனுக்குப் பித்து ஓர் ஆபரணம். வீட்டில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு பத்து வருஷம் ராத்தூக்கம் இழந்தவர்கள் யாரும் அந்த ஆபரணத்தை அணிந்து நான் பார்த்ததில்லை.

இரண்டு குரல்களுக்கும் சரித்திரம் சங்கடம் தருகிறது. முதலில் கண்ணாடி. 1380 முதல் 1422 வரை பிரான்ஸை ஆண்ட ஆறாம் சார்லஸ் சில சமயங்களில் தன்னைக் கண்ணாடி என்று நினைத்துக்கொண்டான். யாரையும் தொடவிடமாட்டான். உடைந்துவிடாமலிருக்க உடையில் இரும்புக் கம்பிகளை வைத்துத் தைத்துக்கொண்டான் என்று பின்னாளில் போப்பாண்டவரான இரண்டாம் பயஸ் எழுதிவைத்திருக்கிறார். அடுத்த இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் ஐரோப்பிய மருத்துவ நூல்களில் கண்ணாடி மனிதர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். செர்வாண்டிஸ் 1613இல் அப்படி ஒருவனையே நாயகனாக்கிக் கதை எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் இவர்கள் அநேகமாக மறைந்துபோகிறார்கள். கண்ணாடி அரிய பொருளாக, ரசவாதத்தின் வாசனையோடு இருந்தவரை மனிதன் அதுவாக முடிந்தது. டம்ளரும் ஜன்னலும் ஆனபிறகு நோய் வேறு பொருள் தேடிக்கொண்டது. மின்சாரம் வந்ததும் மின்சாரம் தாக்கியது, வானொலி வந்ததும் வானொலி பேசியது.

கார்ல் யாஸ்பர்ஸ் 1913இல் எழுதிய மனநோயியல் நூலில் இதற்கு ஒரு வாய்பாடு உண்டு: நோயின் உருவம் வேறு, உள்ளடக்கம் வேறு. யாரோ என்னைத் துன்புறுத்துகிறார்கள் என்ற உருவம் மாறுவதில்லை. துன்புறுத்துவது சாத்தானா ஒற்றனா என்பதை ஊரும் காலமும் நிரப்பும். நம் விமரிசகர்கள் கவிதையை வைத்துச் சலித்துப்போன அதே உருவம், உள்ளடக்கம். கவிதையில் அந்தப் பிரிவினை எவ்வளவு தாங்கியதோ அவ்வளவுதான் இங்கேயும் தாங்கும் என்பது என் கட்சி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

பகுத்தறிவாளரின் சங்கடத்தை முழுசாகப் பார்க்க ஜேம்ஸ் டில்லி மாத்யூஸிடம் போகவேண்டும். லண்டனில் தேயிலைத் தரகராக இருந்தவர். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு இரு நாடுகளுக்குமிடையே போர் மூளாமல் தடுக்க 1792-93இல் நடந்த ரகசிய சமாதான முயற்சியில் பாரிஸுக்குப் போய்வந்தார். 1793இல் ஜேகோபின்கள் அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து 1796இல் ஊர் திரும்பியபோது எந்த மந்திரியும் அவரைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்த வருஷக் கடைசியில் காமன்ஸ் சபைப் பார்வையாளர் மாடத்தில் நின்று துரோகம், துரோகம் என்று கத்தினார். 1797 ஜனவரியில் பெத்லெம் மனநோய் விடுதியில் அடைத்துவிட்டார்கள்.

அந்த விடுதியின் மருந்தாளர் ஜான் ஹாஸ்லம் 1810இல் மாத்யூஸைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஒரே ஒரு பைத்தியக்காரரைப் பற்றி மட்டும் எழுதப்பட்ட முதல் புத்தகம் என்று அதைச் சொல்கிறார்கள். எழுதிய காரணம் கருணை அல்ல. அதற்கு முந்தைய ஆண்டு மாத்யூஸின் குடும்பத்தார் விடுதலை கேட்டு நீதிமன்றம் போயிருந்தார்கள், வெளி மருத்துவர்கள் இருவர் அவரைச் சோதித்துப் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். அவர்களை முட்டாளாக்க எழுதிய புத்தகம் அது. நோக்கம் எதுவானாலும் நோயாளியின் உலகம் அதில் முழுசாகப் பதிவாகிவிட்டது.

பெத்லெமுக்குப் பக்கத்தில், லண்டன் மதில் ஓரமாக, ஒரு நிலவறையில் ஏழுபேர் கொண்ட கும்பல் குடியிருக்கிறது. அவர்களிடம் ஒரு யந்திரம். அதற்குப் பெயர் காற்றுத் தறி. பீப்பாய்களில் கந்தகம், செம்பின் ஆவி, நாய்களின் வாடை, அழுகிய மனித மூச்சு, சாக்கடை நாற்றம், தேரை விஷம், ரோஜா அத்தர் எல்லாம் ஊறுகின்றன. அவற்றின் வாயு குழாய்கள் வழியே தறிக்குள் ஏறி, காந்த அலையாக நெய்யப்பட்டு, சுவர்களைக் கடந்து மாத்யூஸின் உடம்புக்குள் போகிறது. சித்திரவதைகளுக்குத் தனித்தனிப் பெயர்கள். ஒன்றுக்குச் சிங்கி இறால் உடைப்பு என்று பெயர், ரத்தம் உறைந்து உடல் நசுங்கும். இன்னொன்று பட்டம் விடுதல். பையன்கள் பட்டம் ஏற்றுவதுபோல ஒரு எண்ணத்தை மூளைக்குள் ஏற்றிவிடுவார்கள், அது மணிக்கணக்காய் அங்கேயே மிதந்துகொண்டிருக்கும், விரட்ட முடியாது. (தனக்கு வேண்டாத எண்ணம் ஒன்று தலைக்குள் நிற்பதை இதைவிடச் சரியாகச் சொன்ன மனோதத்துவப் புத்தகத்தை நான் படித்ததில்லை.) யந்திரத்தை ஓட்டுபவள் கையுறை அணிந்த ஒரு பெண். அவள் வாய் திறந்து பேசி யாரும் கேட்டதில்லை. யந்திரத்தின் படத்தை மாத்யூஸே வரைந்து கொடுத்தார். ஹாஸ்லமின் புத்தகத்தில் அது இருக்கிறது. கைதேர்ந்த வரைவாளரின் கோடுகள்.

இதில் பேய் இல்லை, பில்லி சூனியம் இல்லை, மூடநம்பிக்கை என்று சொல்ல ஒரு நூல்கூட இல்லை. வாயுக்களைப் பிரித்து ஆராய்வது பிரீஸ்ட்லியின் காலத்து ரசாயனம். விசைத்தறிக்கு கார்ட்ரைட் காப்புரிமை வாங்கியது 1785இல். மிருக காந்தம் என்ற மெஸ்மரின் கொள்கை அப்போது பாரிஸில் வரவேற்பறைப் பேச்சு. அதைச் சோதித்துப் பொய்யென்று சொல்ல 1784இல் அமைத்த குழுவில் ஃபிராங்ளினும் லவாய்சியேவும் இருந்தார்கள் என்றால் எவ்வளவு பேர் நம்பியிருக்கவேண்டும். மாத்யூஸ் தன் நோய்க்கு வேண்டிய நூலையெல்லாம் பகுத்தறிவு யுகத்தின் கடையில்தான் வாங்கினார். ஆவியைத் துரத்திவிட்ட இடத்தில் வாயு வந்து உட்கார்ந்துகொண்டது. அறிவு பரவினால் பிரமை குறையும் என்ற எதிர்பார்ப்புக்கு எந்த ஆதாரமும் எனக்குத் தெரியவில்லை. பிரமைக்குச் சொற்கள் கூடும், அவ்வளவே.

இன்னும் ஒரு விஷயம். மாத்யூஸ் உள்ளே போன அதே 1797இல் இரண்டு புத்தகங்கள் வெளிவந்தன. ஒன்று பிரான்ஸிலிருந்து லண்டனுக்குத் தப்பிவந்த பாதிரியார் பாருவேல் எழுதத் தொடங்கிய ஜேகோபினிய வரலாறு. மற்றது எடின்பரோவில் இயற்கைத் தத்துவப் பேராசிரியராக இருந்த ஜான் ராபிசன் எழுதியது. இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றன: பிரெஞ்சுப் புரட்சி தானாக நடந்ததல்ல, ஒரு ரகசியக் கும்பல் மறைவில் உட்கார்ந்து திட்டமிட்டு நடத்தியது, அந்தக் கும்பல் இன்னும் எல்லா அரசுகளுக்கும் அடியில் வேலைசெய்துகொண்டிருக்கிறது. இரண்டையும் மரியாதையாகப் படித்தார்கள். எட்மண்ட் பர்க் பாருவேலைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். கும்பல், நிலவறை, மந்திரிகளைப் பொம்மையாக்குதல், தான் ஒருவர் மட்டும் உண்மையைக் கண்டுகொண்ட உணர்வு, எல்லாம் மூவரிடமும் இருக்கிறது. ஒருவருக்குச் சங்கிலி, மற்ற இருவருக்குப் பல பதிப்புகள். மாத்யூஸ் ரகசியப் பேச்சில் ஈடுபட்டதும், அவரைக் கைவிட்டதும் நிஜம் என்பதால், மூவரில் உண்மையைத் தொட்டவர் கொஞ்சமாவது அவர்தான் என்றுகூட வாதிடலாம்.

இந்த இடத்தில் லெய்ங் வாசகர்கள் கைதட்டுவார்கள். பார்த்தாயா, எண்ணிக்கைதான் புத்திக்கு அளவுகோல் என்பார்கள். மருத்துவமும் வெளிப்படையாக அதைத்தான் ஒப்புக்கொள்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் சங்கம் 1980இல் வெளியிட்ட நோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பு, பிரமைக்குச் சொன்ன இலக்கணத்தில், அந்த ஆளின் கலாசாரத்தைச் சேர்ந்த மற்றவர்கள் சாதாரணமாக ஏற்றுக்கொள்கிற நம்பிக்கையாக இருந்தால் அது பிரமையல்ல என்று ஒரு விலக்கைச் சேர்த்தது. மத நம்பிக்கையைத் தனியாகப் பெயர் சொல்லியே விலக்கினார்கள். 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பிலும் இந்த விலக்கு இருக்கிறது. அப்படியானால் எத்தனை பேர் நம்பினால் நோய் நம்பிக்கையாகும்? இருவர் போதாது. ஒரே வீட்டில் ஒதுங்கி வாழும் இருவரில் ஒருவரின் பிரமை மற்றவருக்குத் தொற்றுவதை 1877இலேயே லாஸேக், ஃபால்ரே என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் நோயாக விவரித்தார்கள். பிரித்துவைத்தால் பெரும்பாலும் இரண்டாமவர் தெளிந்துவிடுவார். இருபது பேர்? இரண்டாயிரம்? மருத்துவக் கையேடுகளில் எண் கிடையாது.

எண்ணில் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். 1959இல் அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்து இப்ஸிலாண்டி மனநோய் மருத்துவமனையில் மில்டன் ரோக்கீச் என்ற உளவியலாளர் ஒரு காரியம் செய்தார். தன்னைக் கிறிஸ்து என்று நம்பிய மூன்று நோயாளிகளை ஒரே வார்டில் சேர்த்து இரண்டு வருஷம் வைத்திருந்தார். ஒருவரையொருவர் பார்த்து, ஒரே கிறிஸ்துதான் இருக்கமுடியும் என்ற முரண்பாட்டில் முட்டித் தெளிவார்கள் என்பது அவர் கணக்கு. அதைச் செய்யத் தனக்கு உரிமை இருக்கவில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார். தெளியவில்லை. ஒருவர், மற்ற இருவரும் உயிரற்றவர்கள், உள்ளே யந்திரம் பேசுகிறது என்றார். இன்னொருவர், பாவம் அவர்கள் மனநோயாளிகள், இருப்பது மனநோய் மருத்துவமனையில்தானே என்றார். எனக்கு ஆச்சரியம் வேறு. மூவருக்கும் இருந்தது ஏறக்குறைய ஒரே நம்பிக்கை. இரண்டு வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். ஒரு சிறு மதம்கூடப் பிறக்கவில்லை.

தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. நாம் என்றால் கேட்கிறவனும் உள்ளே. நாங்கள் என்றால் அவன் வெளியே. யாஸ்பர்ஸின் ஜெர்மனுக்கும் ரோக்கீச்சின் ஆங்கிலத்துக்கும் இந்த வசதி கிடையாது. இப்ஸிலாண்டியின் மூவருக்கும் இரண்டு பன்மையுமே இல்லாமல் போயிருந்தது. மிஞ்சியவை நானும் அவர்களும். மாத்யூஸும் பிரதமர் பிட்டின் மூளையில்கூடத் தறி வேலைசெய்வதாக நம்பினார், ஆனால் அதை உணர்கிற உடம்பு உலகத்தில் ஒன்றே ஒன்று. நம்பிக்கை என்பது வேறு விதமாக நடமாடுகிறது. உச்சிவேளையில் புளியமரத்து முனி அடிக்கும் என்று நம்புகிறவர், அவசர வேலை என்றால் சத்தமாகப் பாடிக்கொண்டே அந்த வழியாகப் போய்விடுகிறார். முனியிடம் பேரம் பேசுகிறார், ஒரு கோழிக்குச் சம்மதிக்கவைக்கிறார், சுருட்டு வைத்துச் சமாதானம் செய்கிறார், அதைப் பற்றி நகைச்சுவையும் சொல்கிறார். பேரமும் நகைச்சுவையும் நாலுபேர் இருக்கிற இடத்தில் நடப்பவை. பிரமையில் முனி பேரத்துக்கு வருவதில்லை. ஆகவே, சாமியாடியையும் நோயாளியையும் பிரித்துப் பார்க்கச் சொல்லும் மருத்துவக் கையேடு, சொன்ன காரணம் மொண்ணையாக இருந்தாலும், சரியான இடத்தில்தான் கோடு கிழித்திருக்கிறது. அந்த நோயாளிக்கு வேண்டியது மருந்தும் சிகிச்சையும். அவருடைய பித்தில் நாம் தரிசனம் தேடுவது அவர் செலவில் நாம் நடத்தும் விருந்து.

ஆனால் இதோடு நிறுத்திக்கொள்பவர்களிடம்தான் எனக்குப் பெரிய சண்டை. நோயல்ல என்று மருத்துவம் விலக்கிவிட்ட நம்பிக்கையை, குற்றமற்றது என்று விடுவித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். ராபிசனுக்கும் பாருவேலுக்கும் பன்மை இருந்தது. அது நாங்கள் என்ற பன்மை. கேட்கிறவனை வெளியே நிறுத்தும் பன்மை. 1791 ஜூலையில் பர்மிங்காமில் ஒரு கூட்டம், மதத்துக்கும் மன்னனுக்கும் எதிரி என்று சொல்லி, பிரீஸ்ட்லியின் வீட்டையும் ஆய்வுக்கூடத்தையும் எரித்தது. பிறகு சிலர் தண்டிக்கப்பட்டார்கள், நோயாளிகளாக அல்ல. அந்தக் கூட்டத்தின் நம்பிக்கைக்கும் மாத்யூஸின் நம்பிக்கைக்கும் ஆதார பலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. காற்றுத் தறி யார் வீட்டையும் எரிக்கவில்லை என்பது வித்தியாசம். கூட்டத்தைப் பைத்தியம் என்று அழைக்கிற நம் வழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. அது கூட்டத்துக்குக் கொடுக்கும் சலுகை. நோயாளியிடம் கேட்கமுடியாத கேள்விகளை அதனிடம் கேட்கலாம், கேட்கவேண்டும்.

நம் ஊருக்கு வருகிறேன். மானிடவியலாளர் டி. எம். லூர்மனும் சென்னை மருத்துவர் ஆர். பத்மாவதியும் மற்றவர்களும் சேர்ந்து செய்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு. கலிஃபோர்னியாவின் சான் மாட்டியோ, கானாவின் அக்ரா, சென்னை மூன்றிலும் இல்லாத குரல்களைக் கேட்கிற நோயாளிகள் இருபது இருபது பேரிடம் பேசினார்கள். பிரமையும் இல்லாத குரலும் ஒன்றல்ல, ஆனால் ஒரே நோயில் கூடப்பிறந்தவை. அமெரிக்கர்கள் பலருக்குக் குரல் முகமில்லாத தாக்குதல், வெட்டு, குத்து, யுத்தம். அக்ராவில் பலருக்கு அது கடவுள். சென்னையில் பாதிக்குமேல் உறவினர்கள். ஏசுகிறார்கள், குளி என்கிறார்கள், வீட்டு வேலையைப் பார் என்கிறார்கள். சிலரை ஆபாசமாகவும் வதைக்கிறார்கள். இருந்தாலும் அந்தக் குரலோடு ஓர் உறவு சாத்தியமாகிறது. மனம் என்பது மூடிய அறை, அதற்குள் அன்னியன் நுழைந்தால் அத்துமீறல் என்று வளர்க்கப்பட்டவனுக்கும், செத்த மாமியார் கனவில் வந்து பேசுவாள் என்று வளர்ந்தவளுக்கும் ஒரே நோய் ஒரே மாதிரி வலிப்பதில்லை. யாஸ்பர்ஸின் பிரிவினை தாங்காது என்றேனே, அது இதனால்தான். உள்ளடக்கம் வெறும் சட்டையாக இருந்தால் அது காயத்தின் ஆழத்தை மாற்றியிருக்காது.

இதைப் படித்துவிட்டு நம் மரபின் பெருமையைப் பாடத் தொடங்குகிறவர்களுக்காக மற்றதையும் சொல்லவேண்டும். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஓர் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே மனநோயாளிகள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். கனவில் உத்தரவு வரும்வரை தர்ஹாவின் அருகில் இருக்கவேண்டும் என்பது அங்கே வருகிற எல்லா மதத்துக் குடும்பங்களும் பகிர்ந்துகொண்ட நம்பிக்கை. அவர்களில் பலர் ஆஸ்பத்திரிகளில் கைவிரிக்கப்பட்டு, காசு தீர்ந்து, அன்பினாலேயே அங்கே கொண்டுவந்து விட்டவர்கள். கட்டிவைத்தவர்களுக்கும் அது வழக்கம். எந்தக் கையேட்டின்படியும் இவர்களில் ஒருவரும் பிரமைக்கு ஆளானவர் அல்ல. உறவினரின் குரலாக வந்து நோயைச் சகிக்கவைத்த அதே நம்பிக்கைகளின் உலகம்தான் இது, வேறு உலகமல்ல. கலாசாரம் என்று சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. அந்தக் கொட்டகையில் நாம் என்ற சொல்லுக்குள் சங்கிலியில் இருந்தவர்கள் இருந்தார்களா என்று கேட்டால் போதும் என்று நினைக்கிறேன். சட்டம் சங்கிலியை வெளிப்படையாகத் தடைசெய்தது 2017இல்.

ஹாஸ்லமுக்கு நடந்ததையும் மாத்யூஸின் கடைசி வருஷங்களையும் சொல்லி முடிக்கிறேன். பைத்திய விடுதிகளை விசாரித்த 1815ஆம் ஆண்டு நாடாளுமன்றக் குழுவின் முன் மாத்யூஸை நடத்திய விதமும் வந்தது. அடுத்த வருஷம் ஹாஸ்லமை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதற்குள் மாத்யூஸ் இல்லை. 1815 ஜனவரியில் ஒரு தனியார் விடுதியில் இறந்துவிட்டார். சில ஆண்டுகளுக்கு முன்பு, புதிய பெத்லெம் கட்டப்போகிறார்கள், வரைபடங்கள் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும், அவர் உள்ளேயிருந்தபடியே ஒரு வரைபடம் தயாரித்து அனுப்பியிருந்தார். நிர்வாகிகள் அதற்கு முப்பது பவுன் கொடுத்தார்கள். தறியை வரைந்த அதே கை, இனி வரப்போகிற நோயாளிகளுக்காக அறைகளையும் நடைகளையும் அளந்து வரைந்திருக்கிறது. புதிய கட்டடம் அவர் இறந்த வருஷமே திறக்கப்பட்டது. அதன் நடுப்பகுதி இன்னும் நிற்கிறது. 1936 முதல் அதில் இருப்பது பேரரசின் போர் அருங்காட்சியகம். வாசலில் இரண்டு கப்பல் பீரங்கிகளை நிறுத்தியிருக்கிறார்கள்.